தோல் வேலைக்கு எந்தக் கத்தி? எப்படித் தீட்டுவது?

குடந்தைத்தோல் | கும்பகோணம்

எல்லோருக்கும் வணக்கம். பெல்ட், தோள்பை, மாட்டுப் பொங்கலுக்குச் சலங்கைப் பட்டை, இவைதான் நான் செய்கிற வேலை. தோல் சென்னை பெரியமேட்டில் வாங்குகிறேன். பெல்ட்டுக்கும் பட்டைக்கும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட 3.5 மி.மீ. மாட்டுத்தோல். பையின் உள்பக்கத்துக்கு 1 மி.மீ. ஆட்டுத்தோல்.

இப்போது எல்லாவற்றையும் ஸ்டேஷனரி கடைக் கட்டரால்தான் வெட்டுகிறேன். நேர்க்கோடு பரவாயில்லை. வளைவு வந்தால் பிளேடு நெளிகிறது. தோலின் மேல்பக்கம் ஒரு கோட்டிலும் அடிப்பக்கம் வேறு கோட்டிலும் வெட்டுப்படுகிறது. தைப்பதற்கு முன் ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும் அல்லவா, அங்கே கட்டர் சுத்தமாக உதவவில்லை. தோலைப் பிய்க்கிறது.

ஒரே ஒரு நல்ல கத்தி வைத்துக்கொள்வதென்றால் எந்த வடிவம்? ஆன்லைனில் வரும் வெளிநாட்டுக் கத்திக்குக் கொடுக்கிற காசுக்கு இங்கேயே கொல்லுப்பட்டறையில் செய்துகொள்ள முடியுமா? அப்புறம் தீட்டுவது. எனக்கு அரிவாள் தீட்டத் தெரியும். அதே கைப்பழக்கம் இதற்குப் போதுமா?

---

ஆரூர் மாணவி | திருவாரூர்

அண்ணா, கட்டரை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது 9 மி.மீ. அகல பிளேடாக இருக்கும். அதன் தடிமன் 0.4 மி.மீ.கூட இல்லை. 3.5 மி.மீ. தோலில் வளைத்தால் நெளியத்தான் செய்யும். 18 மி.மீ. பிளேடு அரை மி.மீ. தடிமன், அவ்வளவாக நெளியாது. சின்ன வளைவுகளுக்கு 30 டிகிரி முனையுள்ள பிளேடு தனியாகக் கிடைக்கிறது, அதை மெல்லிய தோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடைத்து உடைத்துப் புது முனை எடுக்கும் இந்தப் பிளேடை 1956-இல் ஜப்பானின் ஒசாகாவில் கண்டுபிடித்தார்கள். அந்த யோசனையிலிருந்து வந்ததுதான் ஓல்ஃபா. பலர் முனை மழுங்கிய பிறகும் உடைக்காமல் அழுத்தி அழுத்தி வெட்டுகிறார்கள். அழுத்தும்போதுதான் கோடு விலகுகிறது. தடித்த தோலை ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் மூன்று நான்கு இழுப்பில் வெட்டிப் பாருங்கள்.

சீவுவதற்கு நீங்கள் சொன்னது சரிதான். கட்டர் அதற்கு ஆகாது. நான் பர்ஸ் மட்டும் செய்கிறேன், எனக்கே அங்கே தடுமாற்றம். அதனால் இந்த இழையைத் தொடர்ந்து படிக்கப்போகிறேன்.

---

வலந்தலை | தஞ்சாவூர்

தம்பி, நான் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் தோல் மூட்டுகிறவன். நீங்கள் வெட்டுவது பதனிட்டுக் காய்ந்த தோல். நான் வெட்டுவது பதனிடாத தோல், தண்ணீரில் ஊறியது. இரண்டும் கத்தியிடம் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆனாலும் பொதுவாகச் சொல்ல நிறைய இருக்கிறது.

கத்தியின் பெயரைக் கேட்பதற்கு முன் உங்கள் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். கட்டர் இழுத்து வெட்டும் கருவி. முனை மட்டும்தான் வேலை செய்யும். ஓரம் சீவுவது தள்ளிச் செய்கிற வேலை. அதற்கு அகலமான வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, வேண்டும், வாய் முழுக்க ஒரே கூர் இருக்க வேண்டும். இழுக்கிற கத்தியைக் கொண்டு தள்ளுகிற வேலையைச் செய்யப் போனால் தோல் பிய்யத்தான் பிய்யும்.

செருப்புத் தைக்கிறவர்களிடம் பார்த்திருப்பீர்கள். தட்டையான இரும்புப் பட்டை, பிடிக்கிற இடத்தில் துணியோ தோலோ சுற்றியிருக்கும், முனையில் உளி மாதிரி அகலமான வாய். அதுதான் ரம்பி. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சாய்வு. அதை நிமிர்த்தி மூலையால் இழுத்தால் நேர்க்கோடு வெட்டும். அழுத்தி உருட்டினால் வளைவு வெட்டும். படுக்கப்போட்டுத் தள்ளினால் சீவும். ஜப்பான்காரர்கள் தோலுக்கு வைத்திருக்கும் கத்தியும் ஏறக்குறைய இதே வடிவம்தான். அவர்களுடையது ஆயிரக்கணக்கில் விலை, நம் ஊரில் அதைச் சாலையோரத்தில் வைத்து வேலை செய்கிறார்கள். ஒரே கத்திதான் என்றால் நான் ரம்பியைத்தான் சொல்வேன். வாய் அகலம் 35 முதல் 40 மி.மீ., பட்டைத் தடிமன் 2 முதல் 3 மி.மீ. போதும்.

அரைவட்டக் கத்தி என்று ஒன்று படங்களில் அழகாக இருக்கும். குதிரைச் சேணம் செய்கிறவர்கள் அதை வைத்து எல்லாம் செய்வார்கள். ஆனால் அந்த வளைந்த வாயை முழுக்க ஒரே கோணத்தில் தீட்டுவது பழகின கைக்கே சிரமம். தீட்டப் பழகிக்கொண்டிருக்கும்போது அதை வாங்காதீர்கள்.

கத்தி எவ்வளவு கூராக இருக்க வேண்டும் என்பதற்கு என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது பக்க முகத்தில், மேலே மீட்டுத் தோல், அதற்கு அடியில் சாப்புத் தோல். மீட்டை வட்டமாக அறுத்து எடுக்கும்போது அடியில் இருக்கிற சாப்பில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. கீறல் விழுந்தால் இழுத்துக் கட்டும்போது அங்கேதான் கிழியும், மொத்த மூட்டும் வீண். மழுங்கின கத்திக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும், அழுத்தினால் எந்த நொடியில் மேல்தோல் முடிகிறது என்று கைக்குத் தெரியாது. கூரான கத்தியில் அது தெரியும். இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அரிவாள் தீட்டும் கை போதுமா என்றால், போதாது. கதிர் அரிவாளுக்கு அதன் கருக்குதான், அந்தச் சின்னச் சின்னப் பல்தான், வேலை செய்கிறது. வெட்டரிவாள் வேகத்தில் வெட்டுகிறது. தோல் கத்திக்கு வேகமும் இல்லை, கருக்கும் கூடாது.

---

மன்னைப் பட்டறை | மன்னார்குடி

ஐயா சொன்ன ரம்பி வடிவத்தை எந்தக் கொல்லுப்பட்டறையிலும் அடித்துக் கொடுப்பார்கள். கேட்க வேண்டியது இரும்பைப் பற்றியும் துவைச்சலைப் பற்றியும், அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவதைப் பற்றியும்.

பட்டறைகளில் பெரும்பாலும் லாரி வில் பட்டையில்தான் அடிப்போம். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் அது அருமையான இரும்பு. அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம். அடி தாங்கும், உடையாது. ஆனால் தோல் கத்திக்கு அடி தாங்குவது முக்கியமில்லை, மெல்லிய கூர் நிற்பதுதான் முக்கியம். அதற்குக் கார்பன் கூடுதலாக வேண்டும். பழைய நல்ல அரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும். பேரிங் வளையத்தில் 1 சதவீதம் கார்பனோடு 1.5 சதவீதம் குரோமியமும் இருக்கும். அரம் கிடைத்தால் அரத்தையே கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை, பல் முழுவதையும் முதலிலேயே தேய்த்து எடுத்துவிட வேண்டும். பல்லின் அடிப்பள்ளம் மிச்சம் இருந்தால் துவைச்சலில் அங்கிருந்து வெடிப்பு ஓடும்.

துவைச்சலில் கண் பழக்கம் வேண்டும். காந்தம் ஒட்டாத சூடு 770 டிகிரி அளவில் வரும். அதற்குக் கொஞ்சம் மேலே போனதும் எண்ணெயில் இறக்க வேண்டும். மெல்லிய வாயைத் தண்ணீரில் இறக்கினால் வெடிக்கவோ கோணவோ வாய்ப்பு அதிகம். இறக்கினதும் கண்ணாடி மாதிரி நொறுங்குகிற கடினம் வந்துவிடும். அப்படியே கொடுத்தால் தீட்டும்போதே வாய் பொடிந்து போகும். பளபளப்பாகத் தேய்த்துவிட்டு மறுபடி மெதுவாகச் சூடேற்றினால் நிறம் ஏறும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். தோல் கத்திக்கு வெளிர் வைக்கோல் நிறத்திலேயே நிறுத்த வேண்டும், 200 முதல் 220 டிகிரி. நீலம் 300 டிகிரிக்குப் பக்கம். அது வில்லுக்கான பதம்.

கொல்லரிடம் போய் "நல்லா துவைச்சல் போடுங்க" என்று மட்டும் சொன்னால் அவர் அரிவாள் பதத்துக்குத்தான் போடுவார், அவர் கை அப்படிப் பழகியது. தோல் சீவும் கத்தி, மஞ்சளோடு நிறுத்துங்கள் என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்.

---

குடந்தைத்தோல் | கும்பகோணம்

இருவருக்கும் நன்றி. பக்கத்து லேத் பட்டறையில் உடைந்த பவர் ஹேக்சா பிளேடு ஒன்று சும்மா கொடுத்தார்கள். அகலம் 38 மி.மீ., தடிமன் 2 மி.மீ. இதையே ரம்பியாக அடிக்க முடியுமா?

---

மன்னைப் பட்டறை | மன்னார்குடி

அடிக்காதீர்கள், தேய்த்து மட்டும் எடுங்கள். அது ஹைஸ்பீடு ஸ்டீல் என்றால் நம் உலைச் சூடும் துவைச்சலும் அதற்குப் பொருந்தாது. அது ஏற்கெனவே பதத்தில்தான் இருக்கிறது. அப்படியே கல்லில் சாய்வு எடுத்தால் கத்தி தயார்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. சாதாரண கார்பன் இரும்பு கிரைண்டரில் நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று. ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு 500 டிகிரிக்கு மேலேதான் பதம் கொடுத்திருப்பார்கள். அதனால் நீலம் ஏறினாலும் கடினம் குறையாது. ஆனால் செஞ்சூட்டில் தண்ணீரில் முக்காதீர்கள், நுண்ணிய வெடிப்பு விடும்.

முதலில் அரத்தால் பிளேடின் நடுவில் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் முழுப் பட்டையும் கடினம். அரம் கடித்தால் பல் மட்டும் கடினமாக இருக்கும் இரட்டை உலோக வகை, கத்திக்கு உதவாது.

---

மாயூரத்தான் | சிங்கப்பூர்

சொந்த ஊர் மயிலாடுதுறை. இங்கே கப்பல் பட்டறை வேலை, ஓய்வில் தோல் வேலை. தீட்டுவதைப் பற்றி யாரும் இன்னும் விரிவாக எழுதவில்லை. எனக்கு இதில் ஈடுபாடு அதிகம். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாய்வு. ஒருபக்கச் சாய்வு கத்திக்குப் பட்டைத் தடிமனும் சாய்வின் நீளமும் தெரிந்தால் கோணம் தெரிந்துவிடும். உங்கள் 2 மி.மீ. பிளேடில் சாய்வு 7.7 மி.மீ. நீளம் இருந்தால் 15 டிகிரி. 5.8 மி.மீ. இருந்தால் 20 டிகிரி. ஸ்கேல் வைத்து அளக்கலாம், வேறு கருவி வேண்டாம். சீவுவதற்கு 15, தடித்த பெல்ட் தோலை அழுத்தி வெட்டுவதற்கு 20. ஒரே கத்தியில் இரண்டும் என்றால் 17, 18-இல் வையுங்கள்.

அடுத்தது கல். ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கமும் இரண்டு நம்பர் உள்ள கருப்புக் கார்பரண்டம் கல் கிடைக்கும். சாய்வை முதலில் உருவாக்குவதற்கு அது போதும். கூர் எடுப்பதற்கு 1000 நம்பர் கல் ஒன்று அவசியம், பிறகு 3000 அல்லது 6000. நம்பர் கூடக் கூடக் கல் நைஸாகும். கல்லுக்குச் செலவு செய்ய முடியாவிட்டால் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். 400, 800, 1500, 2000. ஓரம் கிழிந்துவிடாமல் இருக்க, பேப்பரில் கத்தியை இழுக்க மட்டும் வேண்டும், தள்ளக்கூடாது.

கல் எதுவானாலும் தட்டையாக இருக்க வேண்டும். இதை எவ்வளவு சொன்னாலும் தகும். நம் வீடுகளில் தீட்டுகிற கல்லைப் பாருங்கள், நடுவில் குழி விழுந்திருக்கும். அரிவாளுக்கு அது பாதகமில்லை, அரிவாளே வளைந்ததுதான். ரம்பியின் நேரான வாயைக் குழிந்த கல்லில் தீட்டினால் வாயும் வில் மாதிரி வளையும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுவிட்டு, கண்ணாடி மேல் ஒட்டிய 220 நம்பர் பேப்பரில் தேயுங்கள். பென்சில் கோடு எல்லா இடத்திலும் அழிந்தால் கல் தட்டை. இதை மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளாமல், தீட்ட உட்காரும்போதெல்லாம் செய்துவிடுங்கள்.

தீட்டுவதில் தட்டைப்பக்கம்தான் முதலில். புதுக் கத்தியின் தட்டைப்பக்கத்தை, வாயை ஒட்டின ஒரு விரல்கட்டை அகலம் கண்ணாடிபோல் ஆகும்வரை கல்லில் படுக்கப்போட்டுத் தேய்க்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் ஒரு கத்திக்கு ஒருமுறைதான். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கிற கோடு. ஒரு பரப்பு கரடுமுரடாக இருந்தால் மறுபக்கத்தை 8000-இல் தீட்டினாலும் கூர் வராது.

பிறகு சாய்வுப்பக்கம். சாய்வு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். 1000 கல்லில் நான்கைந்து இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். மை வாயோரத்தில் மட்டும் போயிருந்தால் முதுகை அதிகம் தூக்குகிறீர்கள். பின்னால் மட்டும் போயிருந்தால் தாழ்த்துகிறீர்கள். முழுக்கப் போனால் கை சரி. அப்படியே தொடர்ந்தால் தட்டைப்பக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும்பும். விரலை வாயிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் தட்டுப்படும். வாயோடு சேர்த்து நீளவாக்கில் விரலை ஓட்டாதீர்கள். பிசிறு ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை தொடர்ச்சியாக வரும்வரை அடுத்த கல்லுக்குப் போகக்கூடாது. பெரும்பாலான கத்திகள் கூராகாததற்குக் காரணம் இந்த இடத்தில் பொறுமை இழப்பதுதான்.

பிசிறு வந்ததும் தட்டைப்பக்கத்தைக் கல்லில் முழுக்கப் படுக்கவைத்து ஒன்றிரண்டு இழுப்பு. துளிகூடத் தூக்கக்கூடாது. பிறகு நைஸ் கல்லில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே. கடைசி இழுப்புகளில் கத்தியின் எடை மட்டும் போதும்.

முடிவில் தோல் பட்டை. முடிதிருத்துகிறவர் வாரில் கத்தியைத் தீட்டுவாரே, அதேதான். ஆனால் தொங்கும் வார் வேண்டாம், பலகையில் ஒட்டிய தோல். தொங்கும் வார் வளைந்து வாயின் முனையை உருட்டிவிடும். உங்கள் பெல்ட் தோல் துண்டையே சதைப்பக்கம் மேலாக ஒட்டி, பஃபிங் கடையில் கிடைக்கும் பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சை குரோமியம் ஆக்சைடு. முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வர இழுக்க வேண்டும். இழுப்பின் முடிவில் பலர் மணிக்கட்டை மேலே சுழற்றுவார்கள். அந்த ஒரு சுழற்றலில் அவ்வளவு நேரம் எடுத்த கூர் உருண்டுவிடும். நிறுத்தி, பிறகு தூக்குங்கள்.

---

ஆரூர் மாணவி | திருவாரூர்

இரண்டு பக்கமும் சாய்வுள்ள கத்திக்கு என்ன செய்வது? என்னிடம் இருப்பது அப்படிப்பட்ட சின்னக் கத்தி. சாய்வே கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, ஸ்கேலில் அளக்க முடியவில்லை.

---

மாயூரத்தான் | சிங்கப்பூர்

அப்போது முதுகை எவ்வளவு தூக்குவது என்று கணக்குப் போடுங்கள் தங்கச்சி. வாயிலிருந்து முதுகு வரை உள்ள அகலத்தை 10 டிகிரிக்கு 0.17-ஆல் பெருக்குங்கள், 12 டிகிரிக்கு 0.21, 15 டிகிரிக்கு 0.26. அகலம் 30 மி.மீ. என்றால் 12 டிகிரிக்கு 6 மி.மீ.க்குச் சற்று மேல். அந்த உயரத்துக்கு ஒரு மரச்சீவலைக் கல்லின் ஓரத்தில் வைத்து, கத்தியின் முதுகை அதில் சாய்த்துக் கோணத்தைக் கண்ணில் பதியவையுங்கள். பிறகு எடுத்துவிட்டுத் தீட்டலாம். முதுகு தடியான கத்தி என்றால் அந்தத் தடிமனில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 12 என்றால் மொத்தம் 24 டிகிரி, மெல்லிய தோலுக்கு அது தாராளம்.

---

வலந்தலை | தஞ்சாவூர்

மாயூரத்துத் தம்பி எழுதியதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடு. ஒரு இடத்தில் மட்டும் வேறு கருத்து. எல்லாக் கத்திக்கும் 6000, 8000 வரை போக வேண்டும் என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஊறின தோலில் கண்ணாடிக் கூர் வழுக்கும். 1000 கல்லோடு நிறுத்தி வாரில் லேசாக இழுத்த கத்தி ஊறின தோலைக் கவ்விக்கொண்டு போகும். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் இழுத்துக் கட்டுகிற வார் பிடிக்கும்போது எருமைத்தோலை விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி ஒரே நீளமாக அறுத்துக்கொண்டே வருவோம். அது முழுக்க இழுத்து அறுக்கிற வேலை. அங்கே அந்த நுண்ணிய பல் வேண்டும்.

காய்ந்த, பதனிட்ட தோலை நேராகத் தள்ளிச் சீவுவதற்கு மட்டும் நைஸ் கூர். குடந்தைத் தம்பிக்கு அதுதான் வேலை என்பதால் அவர் 6000 வரை போகட்டும், சரி.

சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரிடம் ரம்பியைக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர்கள் கை நல்ல கை. ஆனால் சின்னச் சக்கரத்தில் பிடிப்பதால் சாய்வு உள்வாங்கும், நேரான வாய் நேராக நிற்காது, கார்பன் இரும்பில் சூடும் ஏறும். வாய் உடைந்த கத்தியின் பெரிய பள்ளத்தை எடுக்க மட்டும் கொடுக்கலாம்.

---

மாயூரத்தான் | சிங்கப்பூர்

ஐயா, ஊறின தோலைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதிது, ஆனால் காரணம் புரிகிறது. தக்காளித் தோலை நைஸ் கூர் வழுக்குவதும் 1000 கல் கூர் வெட்டுவதும் இதனால்தான். இழுத்து அறுப்பதற்கு ஒரு கூர், தள்ளிச் சீவுவதற்கு ஒரு கூர். ஒப்புக்கொள்கிறேன்.

---

நாகைத் துறை | நாகப்பட்டினம்

எல்லோரும் கூரைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் கூர் போவது வெட்டுவதால் அல்ல, துருவால். உப்புக்காற்று, அதோடு ஐப்பசி கார்த்திகை மழை. ராத்திரி தீட்டி வைத்த கார்பன் இரும்புக் கத்தியில் காலையில் பழுப்புப் புள்ளி. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் புள்ளி வாயில் விழுந்தாலும் அங்கே பல் உடைந்த மாதிரிதான். ஸ்டெயின்லெஸ் வாங்கிவிடலாமா?

---

வலந்தலை | தஞ்சாவூர்

உப்பிட்ட தோலில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கடற்கரையில் இல்லாவிட்டாலும் உண்டு. தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வேலை முடிந்ததும் கத்தியை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, கொஞ்சம் வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ காட்டிவிட்டு எண்ணெய் தடவுங்கள். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகிவிடும்.

கத்தியைத் தோல் உறையில் போட்டு வைக்கவே வைக்காதீர்கள், குறிப்பாக மழைக்காலத்தில். பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தை இழுக்கும், அதில் புளிப்பும் உண்டு. உறைக்குள்ளேயே துரு பிடிக்கும். மரப்பலகையில் பிளவு செய்து செருகி வையுங்கள், அல்லது எண்ணெய்த் துணியில் சுற்றுங்கள். தோல் உறை என்பது, வேலைக்குக் கொண்டுபோகும் வழியில் மட்டும்.

---

மன்னைப் பட்டறை | மன்னார்குடி

ஸ்டெயின்லெஸ் பற்றி: கடையில் கிடைக்கும் சாதாரணச் சமையலறை ஸ்டெயின்லெஸ் கத்தி இந்த மெல்லிய கோணத்தில் கூர் நிற்காது, வாய் மடங்கும். நல்ல கத்தி ஸ்டெயின்லெஸ் இருக்கிறது, ஆனால் அதற்குத் துவைச்சல் போட நம் உலை போதாது. அந்த ஹைஸ்பீடு ஸ்டீல் பிளேடு நாகைக்கும் பொருந்தும். துருவே பிடிக்காது என்று சொல்லவில்லை, சாதாரண அரத்து இரும்பைவிடத் தாமதமாகப் பிடிக்கும்.

---

குடந்தைத்தோல் | கும்பகோணம்

துரு என்றதும் நினைவுக்கு வருகிறது. பெல்ட் தோலை லேசாக நனைத்துவிட்டு வெட்டினால் வெட்டின இடத்தில் கருநீலக் கறை வருகிறது. கத்தியை நன்றாகத் துடைத்த பிறகும் வருகிறது. இது எதனால்?

---

ஆரூர் மாணவி | திருவாரூர்

இது எனக்குத் தெரியும் அண்ணா! கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுப் பதனிட்ட தோலில் டானின் நிறைய இருக்கும். ஈரத்தில் இரும்பு பட்டதும் இரண்டும் சேர்ந்து கருப்பாகிவிடும். பழைய காலத்து எழுதும் மையே இப்படிச் செய்ததுதான். உங்கள் ஊர்ப் பக்கம் கருப்பூர்க் கலம்காரியில் கறுப்புக் கோடு வருவதும் இந்த வழியில்தான். துணியைக் கடுக்காயில் தோய்த்துவிட்டு, இரும்பை ஊறவைத்த சாயத்தால் வரைவார்கள். கத்தியைத் துடைத்தாலும் தீட்டின இரும்புத் தூள் வாயிலும் உங்கள் விரலிலும் இருக்கும். கல்லில் தீட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தோலைத் தொடுங்கள். வெட்டும்போது தோல் காய்ந்தே இருக்கட்டும். விழுந்த கறைக்கு எலுமிச்சைச் சாற்றில் பாதி தண்ணீர் கலந்து துணியால் ஒற்றினால் மங்கும், பிறகு வெறும் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். முதலில் துண்டுத் தோலில் பாருங்கள்.

---

குடந்தைத்தோல் | கும்பகோணம்

கத்தி தயார். அரம் வழுக்கியது, அதனால் லேத் பட்டறை பிளேடையே தேய்த்தேன். சாய்வு 6.5 மி.மீ. பிடிக்கு மாட்டுத்தோல் சுற்றினேன். 1000, 3000, பிறகு பச்சைக் கட்டி தேய்த்த தோல். பெல்ட் தோலில் வளைவு ஒரே வெட்டில், மேலும் கீழும் ஒரே கோட்டில் வருகிறது. இதை எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

ஆட்டுத்தோல் ஓரம் சீவுவதுதான் இன்னும் படியவில்லை. தொடங்கும்போது நன்றாகச் சீவுகிறது, பாதி வழியில் திடீரென்று கத்தி உள்ளே இறங்கி ஓட்டை போட்டுவிடுகிறது. வாய் ரோமத்தை வழிக்கிற அளவு கூராகத்தான் இருக்கிறது. பலகையாக நைலான் வெட்டுப்பலகை வைத்திருக்கிறேன்.

---

வலந்தலை | தஞ்சாவூர்

எந்தப் பக்கம் கீழே வைத்துச் சீவுகிறீர்கள்? சாய்வு கீழேயா, தட்டை கீழேயா?

---

குடந்தைத்தோல் | கும்பகோணம்

சாய்வு கீழே, ஐயா.

---

வலந்தலை | தஞ்சாவூர்

திருப்பிப் பிடியுங்கள். தட்டைப்பக்கம் தோலோடு படுத்திருக்க வேண்டும், சாய்வு வானத்தைப் பார்க்க வேண்டும். சாய்வைக் கீழே வைத்தால் வாய் தோலைத் தொடவே பிடியைத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் கூடத் தூக்கினால் உள்ளே பாயும். தட்டையைக் கீழே வைத்தால் கத்தி தானாகப் படுத்துக்கொள்ளும், எவ்வளவு ஆழம் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்.

பலகையையும் மாற்றுங்கள். வெட்டுவதற்கு நைலான் பலகை சரி. கறிக்கடையில் வைத்திருப்பதுபோலப் புளியமரக் கட்டையின் குறுக்குவெட்டு முகம் கிடைத்தால் இன்னும் நல்லது, கூர் அதிக நாள் நிற்கும். ஆனால் சீவுவதற்கு மெத்தென்ற பலகை உதவாது. ஆட்டுத்தோல் அழுத்தத்தில் பலகைக்குள் அமுங்கி, கத்திக்கு முன்னால் மேடு கட்டும். அந்த மேட்டில்தான் ஓட்டை விழுகிறது. கடப்பைக் கல் துண்டு அல்லது தடித்த கண்ணாடி வையுங்கள். தோலின் சதைப்பக்கம் மேலே. இடது கை கத்திக்குப் பின்னால் தோலை இறுக்கிப் பிடிக்கட்டும், கத்தி போகும் பாதையில் விரல் வேண்டாம்.

---

மாயூரத்தான் | சிங்கப்பூர்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். ரம்பியின் இரண்டு மூலைகளும் இப்போது செங்குத்தாகக் கூராக இருக்கும். சீவும்போது கத்தி ஒரு நூல் சாய்ந்தாலும் மூலைதான் முதலில் குத்தும். ஒரு மூலையை மட்டும் 1000 கல்லில் லேசாக உருட்டிவிடுங்கள், சீவும்போது அந்த மூலை தோலுக்கு உள்பக்கமாக வரட்டும். மற்ற மூலை கோடு வெட்டுவதற்கு அப்படியே இருக்கட்டும். ஒரே தள்ளலில் முழு அகலத்தையும் எடுக்கப் பார்க்காதீர்கள். ஓரத்தில் 3 மி.மீ. அகலத்தில் ஒரு சீவல், அடுத்தது அதற்கு உள்ளே, கத்தியைச் சற்றுக் கோணலாகப் பிடித்து. சீவிய துண்டு ஒளி ஊடுருவும் அளவு மெல்லியதாக, அறுபடாமல் நீளமாக வந்தால் கூரும் கோணமும் சரி என்று அர்த்தம்.

நடுவில் இழுவை கூடுகிறது என்று தோன்றினால் கல்லுக்குப் போக வேண்டாம். பச்சைக் கட்டி தேய்த்த தோலில் பத்து இழுப்பு போதும். அதற்கும் மீளாதபோதுதான் கல்.

---

குடந்தைத்தோல் | கும்பகோணம்

திருப்பிப் பிடித்தேன், மூலையையும் உருட்டினேன். படிக்கட்டுக்கு வாங்கி மிஞ்சிய கடப்பைக் கல் துண்டு வீட்டிலேயே கிடந்தது. சீவல் அறுபடாமல் வருகிறது. கல்லின் மேல் முட்டினால் வாய் கெடாதா என்பது மட்டும்தான் இப்போது பயம்.

---

வலந்தலை | தஞ்சாவூர்

தட்டையாகப் படுத்துப் போகும்வரை கெடாது. நிமிர்த்தி வெட்டும்போது கல் கூடாது. அதற்கு நைலானுக்கு மாறிவிடுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் திருவையாறு ஆராதனை முடியும்வரை என் பட்டறையில் மூட்டு வேலை நெருக்கம். அதற்கு அப்புறம் ஒரு நாள் கத்தியையும் கல்லையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் தம்பி, அந்த ஆட்டுத்தோலில் ஒரு துண்டும் சேர்த்து. உங்கள் கை கல்லில் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும், அதை எழுத்தில் சொல்ல முடியாது. ஆரூர்ப் பாப்பாவும் வரலாம்.

---

ஆரூர் மாணவி | திருவாரூர்

கட்டாயம் வருகிறேன் ஐயா. இரண்டு பக்கச் சாய்வுக் கத்தியையும் எடுத்து வருகிறேன்.